மூன்று லட்சம் மில்லிகாஸ்

தன் உயரத்தை யார் கேட்டாலும் அவர் சென்டிமீட்டரில்தான் சொல்வார். நூற்று அறுபத்திரண்டு. வீட்டம்மாவின் உயரத்தை மட்டும் அடியில் சொல்வார், ஐந்தடி சொச்சம் என்று. அந்தச் சொச்சம் ஐந்து அங்குலம் என்பதும், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அந்த அம்மாள்தான் இரண்டு விரல் கூடுதல் என்பதும் லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னாலும் ஏறப்போவதில்லை என்று விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மாடியில் குடியிருந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தில் எழுத்தர். எனக்கு அவரை 'அவன்' என்று எழுதத்தான் கை வருகிறது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதற்காக மரியாதை கொடுக்கிறேன். வேறு காரணம் தேடினாலும் கிடைக்காது.

நான் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட். அளவுக் கருவிகளைத் துடைத்து வைப்பதும், பிள்ளைகள் எடுத்த ரீடிங்கைச் சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. எண்ணை எழுதிவிட்டு அலகை எழுதாமல் விடுகிற பிள்ளைக்கு மார்க் போகும். இந்த மனிதர் அப்படி விடுகிறவர் இல்லை. அலகை அழுத்தம் திருத்தமாகச் சொல்வார். ஆனால் எந்த அலகில் சொன்னால் தன்னுடையது பெரிதாகவும் அடுத்தவனுடையது சிறிதாகவும் தெரியுமோ அதைத் தேடிப் பிடித்துச் சொல்வார். பொய் சொல்கிறவனை எங்காவது ஓரிடத்தில் மடக்கிவிடலாம். இவரை மடக்க முடியாது, ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வஞ்சிரம் துண்டு கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் நாங்கள் எறா கொடுத்தோம். தெருமுனைக் கடையில் அவர் அதைச் சொன்ன விதத்தை நானே பின்னால் நின்று கேட்டேன். அவர் கொடுத்தது முந்நூறு கிராம். நாங்கள் கொடுத்தது ஒரு கிலோவுக்குள்ளதானாம். முக்கால் கிலோ எறா அது, என் மனைவி உரித்துக் கழுவிக் கொடுத்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் அலுவலகத்தில் அவர் செய்ததாக அவரே பெருமையாகச் சொன்ன ஒன்று இருக்கிறது. புருஷனை இழந்த ஒரு அம்மாள் ஏதோ சான்றிதழுக்காக மூன்று மாதமாக அவர் மேஜைக்கு நடந்திருக்கிறாள். மூன்று மாதம் ஆச்சு சார் என்று அழுதிருக்கிறாள். இவர், கால் வருஷம்தான ஆச்சு, அதுக்குள்ள ஏம்மா அவசரப்படறே என்றாராம். தன் சர்வீஸை மட்டும் மாதத்தில் சொல்வார், முந்நூற்று நாற்பது மாதம் என்று. அந்த அம்மாள் முகம் போன போக்கை நடித்துக் காட்டிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அன்றைக்கே அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது.

இப்படிப்பட்டவர் கையில் காந்தம் கிடைத்தது. யாரோ ஒருவர் மூலமாகக் காந்தப் பொருள் விற்கிற கூட்டத்தில் சேர்ந்தார். ஞாயிறு காலைகளில் ஒரு மண்டபத்தில் கூடிக் கைதட்டிவிட்டு வருவார்கள். முட்டிக்கு ஒரு பட்டி, இடுப்புக்கு ஒரு பெல்ட், தோளுக்கு ஒரு பட்டி, தண்ணீரில் போட்டு வைக்க ஒரு குச்சி. காந்தத்தைத் துணிக்குள் வைத்துத் தைத்தது, அவ்வளவுதான். மில்லில் முப்பது வருஷம் நின்றே முட்டி தேய்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். மில் மூடியதும் வாட்ச்மேன் வேலைக்குப் போய் அங்கேயும் நின்றவர்கள். அவர்களைத் தேடித் தேடிப் போய் உட்கார்ந்தார்.

அவர் பேச்சு முழுக்கக் காஸ்தான். காந்தத்தின் பலத்தை அளக்கிற அலகு அது. "இது மூவாயிரம் காஸ். பெரியாஸ்பத்திரில ரூம் அளவு ஸ்கேன் மிஷின் வச்சிருக்கானே, அது எவ்ளோ தெரியுமா? ஒன்றரை. ஒன்றரை டெஸ்லா. நம்முளுது மூவாயிரம்" என்பார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். என் அப்பாவே ஒரு முட்டிப் பட்டி வாங்கிவிட்டார்.

தெரியாமல் உளறுகிறார் என்று நினைத்து ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி விளக்கினேன். டெஸ்லா பெரிய அலகு, காஸ் பொடி அலகு. ஒரு டெஸ்லாவுக்குப் பத்தாயிரம் காஸ். ஸ்கேன் மிஷினின் ஒன்றரையைக் காஸில் சொன்னால் பதினைந்தாயிரம் வரும். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தம் அரை காஸ்கூட இல்லை. பட்டி வருகிற பெட்டியில் போட்டிருக்கிற மூவாயிரம் என்பது காந்தக் கட்டியின் உள்ளே இருப்பதாகக் கணக்கிட்ட எண், வெளியே தோலில் படுவது வேறு. அதுவும் கொஞ்சம் தள்ளிப் போனால் சட்டென்று குறைந்துவிடும். அதனால் காந்தத்தை அளந்தால் எண், அலகு, எவ்வளவு தூரத்தில் அளந்தது, மூன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் அது அளவு இல்லை.

அவர் அப்படிக் கவனமாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. புத்தி வந்துவிட்டது என்று நானும் மகிழ்ந்து போனேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காஸுக்குக் கீழ இன்னும் சின்னதா எதனா இருக்குதா சார்?"

மில்லிகாஸ் இருக்கிறது, ஆயிரம் மில்லிகாஸ் சேர்ந்தால் ஒரு காஸ் என்று சொன்னேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காபி வாங்க அனுப்புவார்கள். என்னைவிட இருபது வயது சின்னவர்கள்கூட. இந்த மனிதர் என்னைத் தெருவில் பார்த்தால், நாலு பேர் இருந்தால் குரலை உயர்த்தி, "சயின்டிஸ்ட் சார்" என்பார். ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் இனிக்கும். அது மட்டமான சோப்பு என்று தெரிந்தும் இனிக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் போன பிறகு, தோள்பட்டியைப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார். எங்களிடம் காஸ் மீட்டர் இருக்கிறது. பேனா போன்ற ஒரு முனையைக் காந்தத்தின் அருகில் கொண்டு போனால் திரையில் எண் வரும். பட்டியின் துணி மேல் வைத்தேன். முந்நூறு.

அவர் முகம் செத்துப்போனது. மீட்டர் ரிப்பேரா என்றார். இல்லை என்றேன். வேறு இடத்தில் வைக்கச் சொன்னார், வைத்தேன், அதே முந்நூறு. பெட்டியில் பத்து மடங்கு போட்டிருக்கிறானே என்று நொந்துகொண்டார். நான் ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தேன், தொண்ணூறு காட்டியது. அது வேணாம், அத எழுதாதீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"மில்லிகாஸுல எழுதிக் குடுங்க சார். தப்புன்னா வேணாம். தப்பா?"

தப்பு இல்லை. முந்நூறு காஸ் என்பது மூன்று லட்சம் மில்லிகாஸ்தான், யார் கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். வெள்ளைத் தாளில் எழுதினேன்: தோள்பட்டி, துணியின் மேல் அளந்தது, 3,00,000 மில்லிகாஸ். கையெழுத்துப் போட்டேன். கீழே 'இயற்பியல் ஆய்வகம்' என்று எழுதும்போது எழுத்தைக் கொஞ்சம் அழகாகவே போட்டேன். தொண்ணூற்றை எழுதவில்லை. சயின்டிஸ்ட் சார் கையெழுத்துக்கு மதிப்பே தனி என்று சொல்லிக்கொண்டே தாளை ஊதிக் காயவைத்தார்.

அடுத்த வாரமே அது லேமினேஷன் ஆகிவிட்டது. மூவாயிரம் போய் மூன்று லட்சம் வந்தது. பெட்டியில் இருக்கிற எண்ணைவிட நூறு மடங்கு என்று பேசித் திரிந்தார். நான் கேட்டபோது, எண்ணுதானே சார் நூறு மடங்கு, நான் அலகையும் சேத்துத்தான் சொல்றேன் என்றார்.

எங்கள் தெருவுக்கு வீராம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா மீன் கொண்டுவருவாள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஒரு தடவை மீன் ஏலத்தில் நின்றவள் அப்படியே சரிந்து விழ, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். இதயம் துடிக்க மறந்தால் தட்டி எழுப்புகிற கருவி. நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கேன், எனுக்கு இன்னா கவலை என்று சொல்லிச் சிரிப்பாள். என்னைத் தம்பி என்பாள். பெரிய லாபம் பார்க்காமல் மீன் போடுவாள்.

அவளுக்கு இடது தோளில் வலி. கூடை தூக்குகிறவர்களுக்கு வருகிற வலிதான். இவர் கண்ணில் பட்டது. தோள்பட்டியைக் கட்டினால் காந்த வட்டங்கள் சரியாகக் காரை எலும்பின் மேல் உட்காரும்.

அப்புறம் நடந்ததை எனக்கு அக்காவின் மகள்தான் சொன்னாள். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற பெண். படித்தவள், விவரமானவள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் போய் அவரிடமே காட்டியிருக்கிறாள். ஒரு மில்லிடெஸ்லாவுக்கு மேல் காந்தம் கிட்டே வரக்கூடாது என்று போட்டிருக்கிறதே என்று கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அதே தாளை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"அது டெஸ்லாம்மா. இதுல எங்கனா டெஸ்லான்னு போட்ருக்கா பாரு. இது காஸு. அதுலயும் மில்லிகாஸு. மில்லின்னா ஆயிரத்துல ஒரு பங்கு, படிச்ச பொண்ணு உனுக்குத் தெரியாதா?"

பலம் வேண்டியவர்களுக்கு மூன்று லட்சத்தைக் காட்டினார். பயந்தவர்களுக்கு மில்லியைக் காட்டினார். இரண்டுக்கும் என்னுடைய ஒரே தாள். ஒரு மில்லிடெஸ்லா என்பது பத்து காஸ். பட்டியில் இருந்தது அதற்கு முப்பது மடங்கு. கருவி விரல் அகலம் உள்ளே தள்ளியிருந்தாலும் ஒன்பது மடங்கு. அந்தத் தொண்ணூற்றை நான் எழுதியிருந்தால்கூட அந்தப் பெண் ஒருவேளை யாரிடமாவது கேட்டிருப்பாள்.

இதெல்லாம் தெரியாமல் நான் தினமும் அக்காவிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக அவள் முகம் சரியில்லை. நெஞ்சு ஒரே சீராக வேகமாக அடிக்கிறது, படுத்தாலும் அப்படித்தான், நடந்தாலும் அப்படித்தான், தலை கிர்ரென்கிறது என்றாள். பேட்டரி தீரப்போகிறது, இந்தப் பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்று கண் கலங்கினாள். கோரிமேட்டுக்கு இரண்டு முறை போனாள். கருவி நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இருக்கத்தான் செய்யும். பேஸ்மேக்கரின் மேல் காந்தம் வந்து உட்கார்ந்தால் அது இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பிக்கும், எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு மட்டும் அவள் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டாக்டர்களுக்கு இயற்கை வைத்தியம் பிடிக்காது, திட்டுவார்கள், காட்டாதே என்று இவர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஒரு காலை, எங்கள் வாசலுக்கு நாலு வீடு முன்னால் அக்கா விழுந்தாள். கூடை உருண்டு சங்கரா மீனெல்லாம் சிமெண்டு ரோட்டில் சிதறியது. நெற்றியில் ரத்தம். நான் தண்ணீரோடு ஓடினேன். என் மனைவி அவளை மடியில் சாய்த்து ஜாக்கெட்டைத் தளர்த்தியவள், இது இன்னாங்க என்று உள்ளிருந்து ஒரு பழுப்புப் பட்டியை உருவித் தரையில் போட்டாள். பக்கத்தில் கிடந்த மீன் வெட்டுகிற கத்தி நகர்ந்து வந்து அதில் ஒட்டிக்கொண்டது. கத்தியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பட்டியை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் போகும்போதே அக்கா கண்ணைத் திறந்தாள். நெஞ்சு இப்ப எறங்கிட்டுது தம்பி என்றாள். ஆஸ்பத்திரியில் நெற்றியில் தையல் போட்டார்கள், கருவியைச் சோதித்தார்கள். நான் பட்டியைக் கொடுத்தேன். அந்த இளம் டாக்டர் எத்தனை காஸ் என்று கேட்டார், முந்நூறு என்றேன். இன்னும் கொஞ்ச நாள் கட்டியிருந்தால் ஒரு நாள் எழுந்திருக்க மாட்டார் என்றார். யார் அளந்தது என்று கேட்டார். ஏதோ ஒரு லேபில் அளந்தார்களாம் என்றேன். காந்தம் விற்றவரைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதுகிற நான் சொன்ன பதில் அதுதான்.

சாயங்காலம் அவர் வீட்டுப் படியேறினேன். டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன், கை ஓங்கவும் போனேன். அந்த வீட்டம்மா உள்ளே போய்விட்டார். இவர் நிதானமாகக் கை கழுவிக்கொண்டு வந்து, நான் ஒரு நம்பராவது மாத்திச் சொன்னேனா, நீங்க எழுதுனதத்தான் காட்னேன் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, ஆறுதல் சொல்கிற குரலில் பேசினார்.

"எழுவது பேருக்கு மேல கட்டிக்கினு இருக்காங்க சார். ஒருத்தங்களுக்குத்தான் இப்பிடி ஆச்சு. ஒன்றரை பர்சென்ட் கூட இல்ல."

அந்தக் கையைத் தட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். காறித் துப்பியிருக்க வேண்டும். படி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு பட்டி வாங்கியவர்களின் வீடுகளைத் தேடிப் போனேன். தாளின் நகல் இருந்த இடத்தில் எல்லாம் அதன் கீழே பெரிய எழுத்தில், இது முப்பது மில்லிடெஸ்லா, நெஞ்சில் கருவி வைத்தவர்கள் தொடக்கூடாது என்று எழுதினேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர், முன்னே நீதானே எழுதினே என்று கேட்டுவிட்டுப் பட்டியைக் கழற்றாமலே அனுப்பினார்கள். என் அப்பா கழற்றினார், ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காந்தம் விற்றவர் சில மாதங்களில் கடலூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அங்கே என்ன விற்கிறாரோ, எந்த அலகில் விற்கிறாரோ, எனக்குத் தெரியாது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அதற்குத்தான் கால் வரவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு ஞாயிறு காலை வீராம்பட்டினம் போனேன். அக்கா வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தாள், நெற்றியில் தையல் பிரித்த தழும்பு. மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். காஸ், மில்லிகாஸ், பத்து, முந்நூறு, எழுதாமல் விட்ட தொண்ணூறு, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எண்ணில் தப்பில்லை அக்கா என்றும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மகள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனுக்கு நம்பர்லாம் இன்னா தெரியும் தம்பி. அவரு மூணு லட்சம்னாரு, மில்லின்னாரு, எனுக்கு ஒண்ணும் ஏறல. வேணாஞ்சாமின்னு எழுந்துட்டேன். அப்பறந்தான் கீழ வெரல வச்சிக் காட்டி, இது உன் தம்பி போட்ட கையெழுத்துன்னாரு. அதுக்கப்பறம் நான் எதையும் கேக்கல."